மாமா அடித்த சுண்ணாம்பு

கோபக்கார மகாராஜாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். ப்ளூபெர்ரிச் செடிகள்தான் நலமில்லை, அது உங்களுக்கே தெரியும். நேரில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால் எழுதுகிறேன். முழுக்கப் படியுங்கள்.

உங்கள் அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. மகன் லீவில் வருகிறானே, பின்பக்கச் சுவர் பாசி பிடித்துக் கிடக்கிறதே என்று தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தார். காலமெல்லாம் கொத்தனாராக இருந்தவர். அழுக்குச் சுவரைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? மிச்சத்தைச் சுவரோரம், செடிகள் பக்கமே ஊற்றிவிட்டார். ப்ளூபெர்ரிக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், சுண்ணாம்பு ஆகவே ஆகாது என்று அவருக்கு யார் சொன்னது? இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை.

அதற்காக, "உங்க கை பட்டாலே எல்லாம் நாசம்தான்" என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து அவர் பின்கதவைத் தாண்டுவதில்லை. சாப்பிடும்போதுகூடக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு வேற வேலையப் பாரு" என்றீர்கள். பிடுங்க மாட்டேன். சுவரை விட்டுத் தள்ளியிருந்த செடிகளில் இன்னும் உயிர் இருந்தது. பச்சையாக இருந்த இளங்கிளைகளை நறுக்கிக் கீழ் இலைகளைக் கிள்ளினேன். மட்கிய மரப்பட்டைத் தூளும் மணலும் கலந்து தொட்டிகளில் நிரப்பினேன். "நீங்களே நட்டு வைங்க மாமா" என்றேன். "நான் தொடலம்மா" என்றார். "அப்போ அப்படியே காயட்டும்" என்று எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கதவிடுக்கில் பார்த்தேன், அதை மறைப்பானேன்? சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அப்புறம்தான் நட்டார்.

இப்போது அந்தத் தொட்டிகளுக்கு மழைத் தண்ணீர் மட்டும்தான்; குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதாம். குழாய்ப் பக்கம் வாளியோடு போனால் எனக்கே அதட்டல். மேலே மூடிய பிளாஸ்டிக்கைத் தூக்கி ஈரம் பார்ப்பதும் அவர்தான்.

நேற்று ஒரு குச்சியை மெல்ல இழுத்துப் பார்த்தார், வரவில்லை. வேர் பிடித்துவிட்டது. "அவன்கிட்ட சொல்லிடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லாத" என்றார்.

பழைய செடிகள் பிழைக்குமா, தெரியாது. புதுப் பாத்தியை வேலிப் பக்கம் வெட்டியாகிவிட்டது. அந்தக் குச்சிகள் காய்க்க வருஷக்கணக்காகும். ஆகட்டும்.

படித்து முடித்ததும் போன் போடுங்கள். எனக்கில்லை, அவருக்கு. மன்னிப்புக் கேட்பதெல்லாம் உங்களுக்கு வராது, தெரியும். "செடி எப்படிப்பா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் தயவுசெய்து அவசரமாக வைத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பிடிவாதக்காரி