அடுப்பில் வெந்த மேனிஃபோல்டு

எம்லின்,

இன்றைக்கு ஓவன் அடுப்புக்குள் எதையும் சுடாதே. கார் என்ஜினின் புகை போகும் இரும்புக் குழாய், அந்த டர்போ மேனிஃபோல்டுக்குப் பெயிண்ட் அடித்து, அது சூட்டில் இறுகட்டும் என்று அதற்குள்தான் வேகவைத்தேன். நாற்றம் இன்னும் போகவில்லை. மீனும் சிப்ஸும் வாங்கிக்கொள்.

"மலிவு இரும்பு, மலை ஏறுறதுக்குள்ள விரிசல் விட்டுரும்டி" என்று நீயும் உன் தம்பியும் சிரித்தீர்களே, அதை என் குட்டி ஸ்போர்ட்ஸ் காரில் மாட்டிவிட்டேன். அதே மலைக்குத்தான் போகிறேன். விரிசல் விட்டால் நானே தள்ளிக்கொண்டு வருவேன், உன்னைக் கூப்பிட மாட்டேன்.

நெரிஸ்

பி.கு.: நேற்றிரவு அதை மாட்டும்போது உள்பக்க நட்டுக்கு என் கை எட்டவே இல்லை. காலையில் பார்த்தால் இறுகியிருக்கிறது! யார் வேலை என்று தெரியும். உன் விரல் சிராய்ப்புக்கு மருந்து மேஜையில் இருக்கிறது. கேலி செய்துவிட்டு நீயே முடுக்கிவிட்டாய், அதனால் தோற்றது நீதான்.