குமார் எழுதிய நாலு வரி

ஐப்பசி 9, புதன்.

நண்பன் குமார் இறந்தபின், பழைய பிரிண்டர்களுக்காக அவன் பராமரித்துவந்த லினக்ஸ் மென்பொருள் பேக்கேஜை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் அதைச் சுத்தம் செய்தபோது, எதற்கென்றே தெரியாத நாலு வரி நிரலை நீக்கிவிட்டு, புது அப்டேட்டை வெளியிட்டேன்.

இன்று செவிலிமேட்டிலிருந்து அவன் மனைவி செல்வி கூப்பிட்டாள். தறிக்காரர்களுக்குச் சேலை பார்டர் டிசைன் அச்சிட்டுக் கொடுப்பவள்.

"அண்ணா, அப்டேட் போட்டதுலேருந்து டிசைன் பாதியிலயே நின்னுடுது. அவரு இருந்தப்ப நல்லா வந்துக்கினு இருந்துது."

போய்ப் பார்த்தேன். அந்த நாலு வரியும் அவளுடைய பிரிண்டருக்காகவே எழுதியவை. திரும்பச் சேர்த்தேன். டிசைன் முழுசாக வந்தது. அவள் காகிதத்தை எடுக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதற்கென்று ஒரு குறிப்புகூட அவன் எழுதி வைக்கவில்லை, மடையன். கடைசிவரை தானே கூட இருந்து பார்த்துக்கொள்வோம் என்று நினைத்திருக்கிறான்.