முன் இருக்கையில் ஒரு தொப்பி

கொச்கோர்,
கிர்கிஸ்தான்,
18 அக்டோபர் 2004

அன்புள்ள நூர்ஜாத்தின் அப்பாவுக்கு, சைராகுல் எழுதுவது.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் மூன்று பிள்ளைகளும் நலம். அந்த ரஷ்யக் குளிரில் உங்கள் முதுகுவலி எப்படி என்று கேட்டுக் கேட்டு எனக்குத்தான் கை வலிக்கிறது. நீங்கள் ஒரு வரி எழுதினால் என்ன?

ஒரு செய்தி. கோபப்படாமல் படியுங்கள். உங்கள் ஜிகுலி காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன வேனை நிறுத்திவிட்டார்கள். அறுவடை முடிந்த வயலில், காருக்குள் கிடந்த கையேட்டை மடியில் விரித்துவைத்துப் பழகினேன். உரிமமும் வாங்கியாயிற்று. பெட்ரோல் கணக்கைத் தனியாக எழுதிவருகிறேன், வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் காருக்குள் நடக்கிற கூத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மூத்தவள் நூர்ஜாத் கண்ணாடியைத் திருப்பிப் பின்னலைச் சரிசெய்கிறாள். எனக்குப் பின்னால் லாரி வருகிறதா, மாடு வருகிறதா, ஒன்றும் தெரிவதில்லை. உலான், "அம்மா, கியர மாத்து! கார் அழுவுது!" என்று எனக்குப் பாடம் நடத்துகிறான். சின்னவள் பெகிமை ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுப்பதால் அவளுக்கென்று ஒரு வாளி.

எல்லாச் சண்டையும் முன் இருக்கைக்குத்தான். நான் யாரையும் உட்காரவிடுவதில்லை. உங்கள் வெள்ளைக் கம்பளித் தொப்பியை அதில் வைத்திருக்கிறேன். "தொப்பிக்கு வேடிக்கை பாக்கத் தெரியுமா என்ன?" என்று உலான் சண்டைக்கு வந்தான். "அது அப்பா இடம்டா. வசந்தத்துக்கு வந்துருவாரு" என்றேன்.

வருவீர்கள்தானே?

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
சைராகுல்

*

யெகாதெரின்பர்க்,
9 நவம்பர் 2004

சைராகுல்,

நலம். முதுகு பரவாயில்லை.

நீ கார் ஓட்டுவதை என்னோடு வேலை செய்கிறவர்களிடம் தெரியாமல் சொல்லிவிட்டேன். "பொண்டாட்டி ஓட்டுறா, நீ எங்க உக்காருவே, டிக்கியிலயா?" என்று இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காரை மைரம்பெக்குக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். சொந்தத் தம்பிதானே. பிஷ்கெக்குக்கு டாக்சி ஓட்டிப் பிழைத்துக்கொள்வான். அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்வான். பிள்ளைகள் நடக்கட்டும்; நாம் நடக்கவில்லையா?

வசந்தத்தைப் பற்றி இப்போதே எப்படிச் சொல்வது? வேலை இழுத்துக்கொண்டே போகிறது. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

குபானிச்

*

கொச்கோர்,
27 நவம்பர் 2004

அன்புள்ள நூர்ஜாத்தின் அப்பாவுக்கு,

அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு எழுதுகிறேன். நடுவில் இரண்டு முறை எழுந்து வாசலுக்கு ஓடினேன். எந்த இன்ஜின் சத்தம் கேட்டாலும் உங்கள் தம்பி சாவி கேட்டு வந்துவிட்டானோ என்று தோன்றுகிறது.

ஒன்றை மறைத்தால் தொழுகையில் மனம் நிற்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். மாமா அடங்கியிருக்கும் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது அவருக்காகத் துஆ ஓதி, இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொள்வோம் அல்லவா? நீங்கள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொண்டே பழகிய கை. போன செவ்வாய்க்கிழமை அதே பழக்கத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். கீழே உறைபனி. கார் வழுக்கிக்கொண்டே போய், மாமாவின் மதிலோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, எல்லாப் புகழும் இறைவனுக்கே. தொப்பி மட்டும் கீழே விழுந்தது.

நான் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நூர்ஜாத்தோ, "தாத்தாவையே எழுப்பிட்டியேம்மா!" என்கிறாள். அழுதுகொண்டே சிரித்தேன். உலான் பெரிய மனிதனாட்டம் தீர்ப்புச் சொன்னான்: "இனிமே நீ ஸ்டியரிங்க விடாத. உன் ஆமீனையும் நாங்களே சொல்லிக்கிறோம்."

அன்றிலிருந்து அந்த இடம் வந்ததும் பெகிமை பின்னாலிருந்து எழுந்து நின்று, தன் இரண்டு குட்டிக் கையாலும் என் முகத்தைத் தடவிவிடுகிறாள். கையெல்லாம் ஜாம். இறைவன் ஏற்றுக்கொள்வான் என்றே நம்புகிறேன்.

நாம் நடக்கவில்லையா என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் படித்த பள்ளி தெருக்கோடியில் இருந்தது. இவர்கள் பள்ளி மலையைத் தாண்டி. காரைக் கொடுத்தால் படிப்பு நின்றுபோகும். வசந்தத்தில் நீங்கள் வந்து கேளுங்கள், அந்த நிமிடமே சாவியைத் தருகிறேன். தம்பிக்கு வேண்டாம். வருவீர்களா, மாட்டீர்களா, இரண்டில் ஒன்றை எழுதுங்கள். இப்படி வாசலுக்கும் அடுப்புக்கும் ஓடி முடியவில்லை.

சைராகுல்

*

யெகாதெரின்பர்க்,
12 டிசம்பர் 2004

சைராகுல்,

மைரம்பெக் 24ஆம் தேதி வருவான். சாவியைக் கொடுத்துவிடு. மற்றதை அவன் சொல்வான்.

கு.

*

கொச்கோர்,
8 ஜனவரி 2005

குபானிச்சுக்கு,

உங்கள் தம்பி வந்தான். ரொட்டியும் தேநீரும் வைத்தேன். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சாவி தருகிறேன், நீயும் ஏறு என்றேன். முன் கதவைத் திறந்தான். "சித்தப்பா, அது அப்பா இடம்!" என்று மூன்று பேரும் ஒரே கத்தல். கதவை மூடிவிட்டுப் பின்னால் போய், முழங்கால் மோவாயில் இடிக்க, பிள்ளைகளுக்கு நடுவில் திணித்துக்கொண்டான்.

கல்லறைத் தோட்டம் வந்தது. பிள்ளைகள் கையேந்தினார்கள். பெகிமை வழக்கம்போல என் முகத்தைத் தடவினாள். பிறகு திரும்பி, சும்மா உட்கார்ந்திருந்த அவன் முகத்தையும் தடவிவிட்டாள். அப்புறம் பள்ளி வரை அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியபடியே வந்தான்.

பிள்ளைகள் இறங்கிப் போனதும் சொன்னான்: "அண்ணி, என்னைத் திட்டாதீங்க. அண்ணன் வரமாட்டாரு. அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துறாரு. இதை என் வாயால சொல்லச் சொல்லிட்டு அவரு ஒதுங்கிக்கிட்டாரு."

சாவியை எடுத்து நீட்டினேன். சொன்ன சொல் தவறவில்லை நான்.

"அட போங்க அண்ணி. அந்தக் குட்டி என் முகத்தத் தடவிவிட்ட அப்புறம் இந்தக் காரை நான் எந்த ரோட்டுல ஓட்டுவேன்?" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தான். அவனிடம் கோபிக்காதீர்கள்.

அன்று முழுவதும் வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஊரைச் சுற்றினேன். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றிருந்தேன்.

தொப்பியை நம் வழக்கப்படி வீட்டுச் சுவரில், கால்படாத உயரத்தில் மாட்டியிருக்கிறேன். அதற்குரிய மரியாதை குறையாது. முன் இருக்கையில் ஒருநாள் நூர்ஜாத், ஒருநாள் உலான். ஏனென்று இன்னும் அவர்கள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. அதை நீங்களே அவர்களுக்கு எழுத வேண்டும். தம்பியிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.

என்றாவது பிள்ளைகளைப் பார்க்க வந்தால் நிலையத்துக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன். டிக்கியில் உட்கார வேண்டியதில்லை. பின் இருக்கையில் இடம் இருக்கிறது, பிள்ளைகள் நகர்ந்துகொள்வார்கள்.

சைராகுல்