கூட்டேரிப்பட்டு முனையில் வைத்த பேனர்

அன்பு மகள் சங்கவிக்கு, அப்பா அரங்கநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சோறு தண்ணிக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீ காதைக் கட்டிக்கொண்டு நல்லபடியாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். மல்லாட்டை பிடுங்கி ஆய்ந்து முடித்துவிட்டோம், கடலை இந்த வருஷம் நல்ல திரட்சி. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதற்குக் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று பல தடவை கூப்பிட்டேன், நீ அப்பா என்றதும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

நீ பி.ஏ. வரலாறு முடித்து, அதோடு கூடவே சர்வதேசப் படிப்பு என்று ஒரு சர்டிபிகேட்டும் வாங்கினாய் அல்லவா. அன்றைக்கே எனக்கு விளக்கிச் சொன்னாய், அப்பா இது தனி டிகிரி இல்லை, நாடுகள் ஒன்றுக்கொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன, ஒப்பந்தம் என்றால் என்ன என்று சில பாடம் கூடுதலாகப் படித்து, ஒரு வெளிநாட்டு மொழியும் எழுதிப் பாஸ் பண்ணினால் தருவார்கள், இதை வைத்து உடனே வேலை வராது என்று. எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. உன் அத்தை வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி, டீக்கடையில் அத்தனை பேர் எதிரில், இன்னா மச்சான், பொட்டப்புள்ளய டெல்லி வரைக்கும் அனுப்பி வெறும் பி.ஏ. தானா, அத திண்டிவனத்துலயே படிச்சிருக்கலாமே என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மறுநாளே திண்டிவனம் போய்ப் பேனர் அடிக்கச் சொல்லிவிட்டேன். காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பேனர் வைக்கிற ஊரில் என் மகளுக்கு வைத்தால் என்ன என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் இன்னா போடணும் என்று கேட்டார். வெளிநாட்டுத் தூதர் படிப்பில் வென்று டெல்லியில் பணியாற்றும் எங்கள் குலவிளக்கே என்று நானே சொன்னேன். பின்னால் ஒரு விமானத்தையும் அவரே பறக்கவிட்டார், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ அங்கே வேலை தேடி அலைந்துகொண்டிருக்கிறாய், நான் இங்கே உனக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கூட்டேரிப்பட்டு முனையில் கட்டினதிலிருந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. பாஸ்போர்ட், விசா என்று எவன் சந்தேகம் கேட்டாலும் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன் என்பேன், தட்சிணாமூர்த்தி கப்சிப். அப்போதுதான் அம்பிகா என்று ஒரு பெண் வந்தாள். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம், உன்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். அவள் புருஷன் ஜெகதீசனும் அதே குப்பத்து ஆட்களும் வெளிநாட்டில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போன இடத்தில், எல்லை தாண்டிவிட்டார்கள் என்று இன்னொரு நாட்டில் பிடித்து வைத்துவிட்டார்களாம். மயிலம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வந்தவள் பேனரைப் பார்த்து விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். அண்ணே, உங்க பாப்பா ஒரு வார்த்தை சொன்னா வுட்ருவாங்களாண்ணே என்று கேட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லிட்டேம்மா, அது பாத்துக்கினு இருக்குது, நீ கவலப்படாம போ என்றேன். உன்னிடம் மூச்சுக்கூட விடவில்லை.

குப்பத்தில் மற்ற வீட்டுப் பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போயிருக்கிறார்கள். அம்பிகாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என் பேச்சை நம்பி, எனக்குத்தான் டெல்லியிலயே ஆள் இருக்குதே என்று அவள் போகவில்லை. மனு கொடுத்த வீட்டு ஆண்கள் போன வாரம் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஜெகதீசன் வரவில்லை.

அவள் மறுபடி வந்தாள். சண்டை போடுவாள் என்று பயந்தேன், அவளோ நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, பாப்பா இன்னாண்ணே சொல்லுச்சு என்று கேட்டாள். உன் அம்மாதான் வெடித்தாள், இந்த மனுசன் பெருமைக்கு எழுதி வெச்சதும்மா, எம்பொண்ணு படிச்சிருக்கா, ஆனா எந்த ஆபீசரும் இல்ல என்றாள். அம்பிகா, மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா நானும் அவங்களோட பஸ் ஏறியிருப்பேனே என்றாள். அவ்வளவுதான். என்னை நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கே பேனரை அவிழ்த்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவளோடு விழுப்புரம் போய் வரிசையில் நின்றேன். அங்கே மேஜையில் இருந்தவர் நீங்க யாருங்க இந்தம்மாவுக்கு என்று கேட்டார். தெரிஞ்சவருங்க என்று அவள்தான் சொன்னாள். மனுவை வாங்கிக்கொண்டார்கள், டெல்லிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரே சந்தேகம், மனு அங்கே எந்த ஆபீசுக்குப் போகும், அந்த நாட்டில் நம் ஆட்கள் ஜெயிலுக்குப் போய்ப் பார்ப்பார்களா, அவரோடு போனில் பேச விடுவார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ இதையெல்லாம்தானே கண்ணு படித்தாய்? அந்தப் பாடத்தையெல்லாம் நீ மேலே சொல்ல வந்த நாளில் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இதை ஊரில் எப்படிப் பெரிதாகச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ வாங்கினது எனக்குப் போதவில்லை, அதுதான் உண்மை. அதை நினைத்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இருக்கிறது.

உன்னைக் கேட்காமல் உன் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், மறக்காமல் எடு. தெரிந்ததைத் தெரியும் என்று சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். நல்ல வேலை கிடைத்து, நோய் நொடி இல்லாமல் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அம்மாவும் உன்னை ஆசீர்வதிக்கிறாள். அம்பிகாவோடு பேசி முடித்த பிறகு, முடிந்தால், நீ என்ன படித்தாய் என்று எனக்கும் ஒரு தடவை சொல். இந்தத் தடவை கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் படிப்பை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு உன்னிடம் கேட்காமல் விட்ட அப்பா,
அரங்கநாதன்