விண்டோஸ் வீட்டுச் சம்பந்தம்

மே 14, 2025

'காவிரிக்கரையான்' என்ற பெயரில் எழுதுகிறவனை இன்று கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். முகநூலில் எங்கள் கணினிக் குழுவில், ஒன்பதாயிரம் பேர் பார்க்க, விண்டோஸ்தான் உழைப்பாளிகளின் கணினி என்று எழுதியிருந்தான். அப்டேட் ஓடி முடிவதற்குள் ஆள் போய் டீ குடித்து, வடை தின்று, ஊர்ப் பஞ்சாயத்தும் பேசிவிட்டு வரலாம், அதுதான் உழைப்பா என்று கேட்டேன். நூற்றுப் பதினாறு பேர் சிரித்தார்கள். அவன் வழக்கம்போல, "தறி நிக்குதுங்க, வாரேன்" என்று எழுதிவிட்டுக் கம்பி நீட்டினான். ஏழு வருடமாக இதே கதை. பதில் சொல்ல முடியாத இடத்தில் அவனுக்குத் தறி நின்றுவிடும்.

நான் அங்கே 'பெங்குவின்பாளையம்'. விண்டோஸுக்கு மாற்றாக நான் கொண்டாடும் லினக்ஸின் சின்னம் பெங்குவின். பாளையத்தை நான் சேர்த்துக்கொண்டேன். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜீவானந்தம்தான் அது என்று என் மனைவி சௌந்திரத்துக்கே தெரியாது. கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் விண்டோஸைத்தான் சரிசெய்து கொடுக்கிறேன், அது பிழைப்பு. ஐம்பத்தாறு வயது ஆள் இப்படியெல்லாம் குதிக்கலாமா? தாராளமாக.

மே 18

எனக்கு வருவது சிரிப்பா பயமா, தெரியவில்லை.

மோனிஷாவைப் பெண் பார்க்கக் குமாரபாளையத்திலிருந்து வந்தார்கள். பையன் தமிழரசு, அப்பாவோடு சேர்ந்து விசைத்தறி நடத்துகிறான். பதினோரு ஜாதகத்தைத் தள்ளிவிட்ட என் மகள், இவனோடு பத்து நாள் போனில் பேசிவிட்டு, "இவருன்னா சரிங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. பையனின் அப்பா சின்னராஜ் வெள்ளை வேட்டியும் கும்பிட்ட கையுமாக வந்தார். கேசரி பாதித் தட்டில் இருக்கும்போது அவருக்குப் போன் வந்தது. பேசி முடித்து எழுந்தார். "தறி நிக்குதுங்க, வாரேன்."

குமாரபாளையத்தில் ஆயிரம் பேருக்குத் தறி நிற்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. டிசைனெல்லாம் கம்ப்யூட்டரில்தானா என்று மெல்லக் கேட்டு வைத்தேன். ஒரு செருப்பை மாட்டியபடி வாசலில் அரைமணி நேரம் விண்டோஸின் புகழ் பாடினார். தறி நின்றது அவருக்கு மறந்தே போய்விட்டது.

மே 19

நேற்று வாசலில் பாடியதையே காவிரிக்கரையான் இன்று குழுவில் வரி மாறாமல் எழுதியிருக்கிறான். அவனேதான். அவரேதான். இனிமேல் 'அவர்'.

ஜூன் 1

உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்தோம். முடிந்ததும் சின்னராஜ் என் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போனார். "குரூப்புல ஒருத்தன் இருக்கறானுங்க சம்பந்தி, பெங்குவின்பாளையம்னு. என்ற மூளைய ரீஸ்டார்ட் பண்ணோணும்னு ஊரறிய எழுதுனவன். கையில கெடைச்சான்னா உரிச்சுப்போடுவேன்" என்றார்.

பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவனெல்லாம் ஒரு ஆளா என்று நானும் சேர்ந்து திட்டினேன். என்னை நானே திட்டிக்கொள்ள எவ்வளவு சரளமாக வருகிறது!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக 2021-ல் எழுதிய ஒன்றைத் தேடி அழித்தேன். விண்டோஸ் ஓடுகிற வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். எத்தனை பேர் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்களோ. அவருக்குத் தெரிந்தால் மோனிஷாவின் கல்யாணம் என்ன ஆகும்? இன்றோடு பெங்குவின்பாளையத்தின் வாய்க்குப் பூட்டு.

ஜூன் 5

கை அரிக்கிறது. பொறு ஜீவானந்தம், பொறு.

ஜூன் 11

காலையில் குழுவில் எழுதியிருந்தார்: "பெங்குவின்பாளையத்தானைக் காணோம். பயந்து ஓடிவிட்டானா?" மாலையில் இன்னொன்று: "உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் கலங்கிவிட்டது. சௌந்திரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா?" என்று கேட்டாள். நான்தான் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 14

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி தயார். முழுக்க லினக்ஸில், என் கையால். மாப்பிள்ளையின் பெரியப்பா ரங்கன் அந்த வீட்டில் மூத்தவர். அவர் பெயருக்கு மட்டும் பூங்கொடி போட்ட தனிக் கட்டம் கட்டி எல்லாருக்கும் மேலே வைத்தேன். சம்பந்திக்கு அனுப்பியும் விட்டேன். பார்க்கப் பார்க்க அழகாக இருக்கிறது.

ஜூன் 15

போச்சு. எல்லாம் போச்சு.

எந்தக் கம்ப்யூட்டரிலும் கலையாத பிடிஎஃப் ஆக்காமல் அப்படியே அனுப்பித் தொலைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவனுக்கெல்லாம் நாள் தவறாமல் இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன்? நான் போட்ட எழுத்துரு அவர் கம்ப்யூட்டரில் இல்லை. வரிகளெல்லாம் சரிந்து, ரங்கனின் கொடிக் கட்டம் பக்கத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. 'மற்றும் உற்றார் உறவினர்' என்ற வரிக்கும் கீழே! சின்னராஜ் சந்தோஷத்தில் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அச்செடுத்து அண்ணன் கையில் கொடுத்திருக்கிறார்.

எங்கள் பக்கம் பந்தியில் உப்பு குறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பத்திரிகையில் பெயர் கீழே இறங்கினால் சம்பந்தமே முறியும். பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு இப்பவே இவ்வளவு எளக்காரமா, யோசிச்சுத்தான் செய்யோணும் என்று ரங்கன் சொல்லிவிட்டாராம். மோனிஷா சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

ஜூன் 16

குமாரபாளையம் போனேன். கூடத்தில் ரங்கன் நாற்காலியில் விறைப்பாக இருந்தார். மேசையில் விண்டோஸ் திறந்திருந்தது, என் பத்திரிகை அதில் அலங்கோலமாகக் கிடந்தது. ஏழு வருடம் நான் காத்திருந்த இடம் இது. இதே ஃபைல் என் மெஷினில் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. மோனிஷாவின் முகம் ஞாபகம் வந்தது.

"என்ற மேலதான் தப்புங்க பெரியவரே. லினக்ஸுல அடிச்சத அப்படியே அனுப்பிப்போட்டேன். சம்பந்தி கம்ப்யூட்டர் மேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றேன்.

லினக்ஸ் என்றதும் சின்னராஜின் தலை வெடுக்கென்று திரும்பியது. ஃபைலின் பெயரில் ஒட்டியிருந்த '.odt' என்ற லினக்ஸ்காரர் வாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபைலைப் பார்த்தார். எனக்கு உயிரே இல்லை.

"இல்லீங்கண்ணா" என்றார் ரங்கனிடம். "சம்பந்தி ஒழுங்காத்தான் அடிச்சிருக்காரு. என்ற கம்ப்யூட்டருக்குத்தான் அதைக் காட்டத் தெரியல."

நான் விடுவேனா? தப்பு லினக்ஸ்காரன் மேல் என்றேன். அவர் விண்டோஸ்காரன் மேல் என்றார். படித்துப் பார்க்காமல் கொடுத்தவன் நான்தானே என்று அவர் குரலை உயர்த்த, பிடிஎஃப் ஆக்காதவன் நான்தானே என்று நானும் உயர்த்தினேன். கால்மணி நேரம் இரண்டு பேரும் தோற்பதற்காகச் சண்டை போட்டோம். கடைசியில் ரங்கன்தான் நாற்காலியைத் தட்டினார்.

"என்ற பேரை மேல போடுங்க சாமி, போதும். காது வலிக்குது."

மோனிஷாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். பிறகு சின்னராஜ் என்னைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். தறிச் சத்தத்தில் காதருகே வந்து கேட்டார்.

"பெங்குவின்பாளையம்?"

தலையை ஆட்டினேன். உரிப்பார் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வாரமா எங்கீங்க போயிட்டீங்க? என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டனுங்க."

நாமக்கல் வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் ஆள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். வீட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தாயும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஜூலை 7

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுவீடு எல்லாம் ஆன பிறகு எழுதுகிறேன். இப்போது முடியாது.

ஜூலை 15

வீடு வெறிச்சென்று இருக்கிறது. சௌந்திரம் இன்னும் மூன்று பேருக்குச் சமைக்கிறாள். போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் மோனிஷா சொல்கிறாள். பெண்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்? உள்ளே எப்படி இருக்கிறாளோ.

மத்தியானம் குழுவைத் திறந்தேன். சம்பந்தி லினக்ஸைத் தாக்கி நீளமாக எழுதியிருந்தார். பதில் அடிக்கப் போனால் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. 'குமாரபாளையம் மருமகள்' என்று புதுப் பெயர். தன் மாமனார் நேற்று ஒரு பிரிண்ட் எடுக்கப் பட்ட பாட்டை நிமிடக் கணக்கோடு எழுதியிருந்தாள். முந்நூற்று நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். அப்பன் ஏழு வருடத்தில் வாங்காத சிரிப்பு.

ஐந்து நிமிடத்தில் சின்னராஜ் போன். "சம்பந்தி, உங்க புள்ள என்ற மானத்த வாங்குதுங்க. ஒரு வார்த்தை சொல்லி வைக்கோணும்."

"இனி அது உங்க ஊட்டுப் புள்ளைங்க" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குப் பின்னால், தறிச் சத்தத்தையும் மீறி, இன்னொரு சிரிப்பு கேட்டது. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், மோனிஷா சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று சௌந்திரத்திடம் சொன்னேன்.