நாலு பேய்களுக்கு ஒரு லிஃப்ட்காரன்

மார்ச் 3, ஞாயிறு

இன்றிலிருந்து நான் நடிகன். அக்கா மகள் எடுக்கும் பேய்ச்சிரிப்புப் படத்தில் கதாநாயகனே நான்தான் என்று கட்டடம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. படத்தில் நாலு குட்டிக் கதைகள். நாலு மாடி, மாடிக்கு ஒரு பேய். ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் ஒவ்வொரு பேயிடமும் விட்டுவிட்டு வரும் லிஃப்ட்காரன் நான். பதினேழு வருஷமாக அதே லிஃப்டை ஓட்டுகிறவனுக்கு நடிக்க என்ன இருக்கிறது? “பிறவி நடிகர்ணே நீங்க” என்றான் கேமராக்காரன். சொல்ல வாயெடுத்தான், நான் முடித்து வைத்தேன்.

வசனம்தான் கொஞ்சம் குறைச்சல். “மூணாவது மாடி. இறங்குறவங்க இறங்கலாம்.” மாடிக்கு மாடி எண் மாறும், அவ்வளவே. இதற்கா என்னை எட்டாவது வரை படிக்க வைத்தார்கள்?

“எழுதினதை மட்டும் சொன்னா போதும் மாமா” என்றாள் அக்கா மகள்.

லிஃப்டுக்குள் நான், நடிக்கிற நாலு பேர், கேமராக்காரன். எறும்பு நுழைய இடமில்லை. அவள் வெளியே நின்றாள். சத்தம் பதியும் கருவி என் சட்டைப் பையில் இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

லிஃப்ட் காட்சிகள் முடிந்தன. பேயின் தலைமுடி தரை துடைக்கிற மாப்பு. ரத்தம் பீட்ரூட் சாறு. இந்தக் கோலத்தைத் தூக்கி நிறுத்தியது யார்? நான். போன ஞாயிறு போலவே இன்றும் ஒரு வரியை நாலு வரியாக்கிக் கொடுத்தேன். மூன்றாவது மாடிக்கு: “பயப்படாதீங்க, உள்ள இருக்கற பல் டாக்டர்தான் பேய். செத்து ஆறு மாசமாச்சு, இன்னும் பல்லைப் புடுங்கிட்டுதான் இருக்காரு.”

கேமராக்காரன் குலுங்கிச் சிரித்தான். “இது பேப்பர்ல இல்லையேண்ணே?”

“டைரக்டர் காலையில எங்காதுல சொன்னது தம்பி.”

வெளியே வந்ததும் அவள் கேட்டாள், எழுதினதைத்தானே சொன்னீங்க என்று.

“ஒரு எழுத்து மாறல.”

சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

லிஃப்ட் சுவரில் பீட்ரூட் கறை. கட்டட மேலாளர் பார்த்துவிட்டார். இனி கேமரா வாசற்படியே மிதிக்கக் கூடாதாம். நான் ஒரு முறைப்பு முறைத்தேன், ஆள் வெலவெலத்துப் போனார். பிறகு ஒரு துணியைக் கொடுத்து, துடை என்றார்.

மார்ச் 16, சனி

இன்று அவள் பதிவான சத்தத்தைப் போட்டுக் கேட்டிருக்கிறாள். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“மாமா, டாக்டர்தான் பேய்னு கடைசி நிமிஷத்துலதான் தெரியணும். நீங்க கதவு திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க. நாலு கதைக்கும் முடிவைச் சொல்லிட்டீங்க.”

“ஜனங்களுக்கு ஒரு தைரியம் வரட்டுமேன்னு...”

“பேய்ப்படம் மாமா! எதுக்கு தைரியம்?”

குரலை மட்டும் மாற்றிப் பேசித் தருகிறேன் என்றேன். உதடு நாலு வரிக்கு ஆடுகிறது, அதில் ஒரு வரியை எப்படி ஒட்டுவது என்றாள். இருபத்திரண்டு தடவை எடுத்தார்கள். ஒரு தடவையாவது சும்மா இருந்தேனா? இல்லை. திரும்ப எடுக்க லிஃப்டும் இல்லை. 29ஆம் தேதி சின்ன அரங்கு ஒன்றில் காட்சி, படம் வாங்குகிறவர் அன்றுதான் வருகிறார்.

மார்ச் 17, ஞாயிறு

என்னோடு பேச்சு இல்லை. நான் கூடத்துக்குப் போனால் அவள் அறைக்குப் போகிறாள்.

மார்ச் 20, புதன்

இரண்டாவது மாடி கேட்டவரை நாலாவதில் இறக்கினேன். நாலாவது கேட்ட அம்மாளைக் கீழேயே கொண்டுவந்து விட்டேன். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மேலாளரிடம் மூன்று பொய் சொல்லிப் பார்த்தேன். வெளிநாட்டுக் கம்பெனி படம் என்றேன், கட்டடத்துக்கே பேர் வரும் என்றேன், மூன்றாவது எனக்கே மறந்துவிட்டது. மனிதர் அசையவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

அக்கா பிடித்துக்கொண்டாள். “டேய், ரெண்டு வருஷமா இதுக்காக வேலையை விட்டுட்டு உக்காந்திருக்காடா அவ. உனக்கு வாயை மூடறதுக்கு என்னடா கேடு?”

பதில் ஒன்பது தோன்றியது. எழுந்துபோய் அவள் அறைக் கதவில் காதை வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் படத்தை வெட்டிக்கொண்டே இருக்கிறாள். என் குரல் துண்டு துண்டாகக் கேட்கிறது — “பயப்ப”, “பயப்ப”, “பயப்ப”... அப்புறம் அதுவும் இல்லை. என்னதான்டி பண்றே உள்ளே?

மார்ச் 29, வெள்ளி

நாற்பத்து மூன்று பேரை நானே அழைத்திருந்தேன். சரி, பதினொன்று. கதாநாயகன் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

லிஃப்ட் கிளம்புகிறது. என் முகம். இந்த அகலம். நான் திரும்பி வாயைத் திறக்கப் போகிறேன் — டக்கென்று வெட்டு. கதை தொடங்கிவிட்டது. படம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை எனக்கு. முதல் மாடிக்கு ஜனம் சிரித்தது. இரண்டாவதில் பாதிப் பேர் சிரித்தார்கள். மூன்றாவதில் என் உதடு பிரியும்போதே “வேணாம், வேணாம்” என்று ஒரு பொம்பளை கத்தினாள். நாலாவதில் எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

படம் வாங்குகிறவர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எந்த நாடகக் குழு சார் நீங்க? பேசாமலே மிரட்டிட்டீங்களே!”

அவள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். முப்பது வருஷ நாடக அனுபவம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

“குழுவெல்லாம் இல்லைங்க. நெசமாவே லிஃப்ட் ஓட்றவன். எழுதினதை விட்டுட்டு இஷ்டத்துக்கு உளறினேன். அவகிட்ட பொய் வேற சொன்னேன். அவதான் வெட்டி வெட்டிச் சரிபண்ணா.”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாருங்க, என்ன ஒரு தன்னடக்கம்!”

“நம்ப மாட்டேங்கறாரு பாரு” என்றேன் அவளிடம்.

“நீங்க உண்மை சொல்லி யாரு மாமா பாத்திருக்கா?” என்றாள். பதின்மூன்று நாளைக்குப் பிறகு.

மார்ச் 31, ஞாயிறு

படத்தை வாங்கிக்கொண்டார்கள். இன்னும் நாலு கதை வேண்டுமாம். காலையில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். “ஒரு கதை நீங்க எழுதுங்க மாமா. இஷ்டத்துக்கு எழுதுங்க, நான் வெட்டிக்கறேன்.”

பதினாலு பக்கம் ஆகிவிட்டது. பேய் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை.