உப்பு போட்ட கிடா விதை

1984 ஆகஸ்ட், வெள்ளி.

ஆட்டுக் கிடாவின் விதைச் செல்களில் ஹார்மோன் வந்து உட்காரும் ஏற்பிமேல் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. அவற்றை வெட்டிவிட்டால் ஹார்மோன் உட்காருமா, உட்கார்ந்தாலும் வேலை நடக்குமா? இதுதான் என் ஆராய்ச்சி. மாதக் கடைசிக்குள் பதில் இல்லையென்றால் என் மேசை வேறொருவருக்கு என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

இன்று சர்க்கரையை வெட்டாத ஏற்பியில்கூட ஹார்மோன் உட்காரவில்லை. விதையில்தான் ஏதோ கோளாறு என்று, அதைக் கொடுக்கும் கறிக்கடை காதர் பாயிடம் ஓடினேன்.

"ஐஸ் கம்மி மேடம். கெட்டுப்போவக் கூடாதுன்னு, ஆம்பூருக்குப் போற தோலுக்குப் போடுற மாதிரி உப்பு போட்டு வெச்சு, கழுவிக் குடுத்தேன்."

"பாய், நான் என்ன ஷூவா தைக்கப் போறேன்?"

"இன்னாதான் பண்றீங்கன்னு ஊரே கேக்குது. வாரம் ரெண்டு கிலோ! சார் நல்லா இருக்காரா?"

என் வீட்டுக்காரர் நன்றாகத்தான் இருக்கிறார். வெளியே தலைகாட்டத்தான் கூச்சப்படுகிறார்.

நாளை விடியற்காலை அறுப்புக்கூடத்து வாசலில் நானே நிற்கப் போகிறேன். உப்புப் படாமல் நேராக ஐஸில் போட்டு எடுத்து வந்து, முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஐஸ் பெட்டிக்கு ஒரு கை, மூக்கைப் பொத்த ஒரு கை. மானத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.